ரயில் தடமா, ஆற்றுக்கரையா, காட்டுச் சாலையா, ராணுவச் சாலையா? மலைப் பள்ளத்தாக்கில் வண்டி வராத சரளைப் பாதையைத் தேர்ந்தெடுப்பது

மலைப் பள்ளத்தாக்கு ஒன்றின் வரைபடத்தை விரித்து, காரும் லாரியும் வராத சரளைப் பாதையைத் தேடினால் பெரும்பாலும் நான்கு கோடுகள் கண்ணில் படும். ஆற்றை ஒட்டி ஒன்று. சற்று மேலே, சரிவை அணைத்தபடி வளைந்து போகும் பழைய ரயில் தடம். காட்டுக்குள் ஊசி வளைவுகளாக ஏறும் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே, மரங்கள் முடிந்துபோன உயரத்தில், முகட்டை ஒட்டி ஓடும் மெல்லிய கோடு. வரைபடத்தில் நான்கும் ஒரே மாதிரிப் புள்ளிக்கோடுகள்தான். ஆனால் சைக்கிளை மிதிக்கும் காலுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம்.

இவற்றில் எதில் போகலாம் என்று முடிவு செய்யும் முன் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்வேன்: இந்தப் பாதையை யார், எதைக் கொண்டுபோக வெட்டினார்கள்? நீராவி இன்ஜினுக்காக வெட்டிய வழி ஒரு மாதிரி ஏறும். மரம் ஏற்றும் லாரிக்காக வெட்டியது வேறு மாதிரி ஏறும். பீரங்கியையும் கோவேறு கழுதையையும் ஏற்றிப்போக வெட்டியது இன்னொரு மாதிரி. எவ்வளவு செங்குத்து, எந்த அளவுக் கல், மழைத்தண்ணீர் எங்கே வடியும், எந்த மாதத்தில் பனி விலகும் என்பதெல்லாம் அந்த முதல் தேவையிலிருந்தே வருகின்றன. அது தெரிந்துவிட்டால் பாதையைப் பார்க்காமலே பாதி தெரிந்த மாதிரி.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 2 சதவீதச் சரிவில் அதற்கு 25 கிலோமீட்டர் தூரம் பிடிக்கும். 10 சதவீதச் சரிவில் 5 கிலோமீட்டரே போதும். உயரம் ஒன்றுதான். முதல் வழியில் பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏறலாம். இரண்டாவதில் பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும். கூட வருபவர்கள் யார் என்பதை வைத்து இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால் மற்ற முடிவுகள் எளிதாகிவிடும்.

ரயில் தடம்

எஃகுத் தண்டவாளத்தில் உருளும் எஃகுச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு. சரிவு கொஞ்சம் கூடினாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அதனால் மலையில் ரயில் போட்ட பொறியாளர்கள், பல்சக்கர ரயில்களை விட்டுவிட்டுப் பார்த்தால், பெரும்பாலும் 2 சதவீதத்தை ஒட்டியே நின்றார்கள். கனடாவின் கெட்டில் வேலி ரயில் பாதையின் உச்சச் சரிவு 2.2 சதவீதம். அந்த அளவைக் காப்பாற்றுவதற்காக, தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரூ மெக்கல்லக், மைரா என்ற ஆழமான பிளவின் விளிம்பையே சுற்றி வர 18 தூண் பாலங்களையும் 2 குகை வழிகளையும் அமைத்தார். நேராகத் தாண்டியிருந்தால் கொஞ்ச தூரம்தான். ஆனால் இன்ஜின் ஏறியிருக்காது. 2003-ல் காட்டுத்தீயில் அந்தப் பாலங்களில் 12 எரிந்துபோயின. அவற்றை மீண்டும் கட்டி 2008-ல் திறந்தார்கள். ரயில் திரும்பி வரப்போவதில்லை என்று தெரிந்தும், நடப்பவர்களுக்கும் சைக்கிளில் வருபவர்களுக்கும் என்றே அந்தப் பாலங்களை எழுப்பினார்கள் என்பது எனக்கு இன்றும் மனதை நிறைக்கும் செய்தி.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கும், வெவ்வேறு வலிமை உள்ளவர்கள் சேர்ந்து போகும் குழுவுக்கும் ரயில் தடத்தை விட்டால் வேறு பாதையை நான் சொல்ல மாட்டேன். இத்தாலியின் டோலமைட் மலைகளில் டோப்பியாக்கோவிலிருந்து கோர்ட்டினாவுக்குப் போகும் தடம் நல்ல உதாரணம். 1964-ல் ரயில் நின்றுபோன குறுகிய பாதை அது. நடுவில் உள்ள சிமபாங்கே என்ற இடம் சுமார் 1530 மீட்டர் உயரம். இரண்டு முனைகளும் 1200 மீட்டரை ஒட்டியவை. எந்த முனையில் தொடங்கினாலும் ஏறக்குறைய 300 மீட்டர்தான் ஏற வேண்டும், அதுவும் 15 கிலோமீட்டர் தூரத்துக்குப் பரவி. செங்குத்துப் பாறைச் சுவர்களுக்கு நடுவே, மூச்சு வாங்காமல் இந்த உயரத்துக்கு வந்து சேர வேறு வழி கிடைப்பது அரிது. நீளமான பயணம் வேண்டுமென்றால் நியூசிலாந்தின் ஒட்டாகோ சென்ட்ரல் தடம் இருக்கிறது. 2000-ல் திறந்தார்கள், 152 கிலோமீட்டர்.

ஆனால் ரயில் தடத்துக்கு என்று சில தொல்லைகள் உண்டு. முதலாவது, கண்ணை ஏமாற்றும் சரிவு. 2 சதவீதம் கண்ணுக்குச் சமதளமாகத் தெரியும். காற்றும் இல்லை, ஏற்றமும் தெரியவில்லை, பிறகு ஏன் இன்று கால் இப்படிக் கனக்கிறது என்று மனம் சோர்ந்துபோகும். திரும்பி வரும்போதுதான் அது ஏற்றம் என்று புரியும். இதிலிருந்தே ஒரு விதி வருகிறது: புதியவர்களைக் கூட்டிப்போனால் ஏறும் திசையில் தொடங்குங்கள். இறங்கும் திசையில் தொடங்கினால், 'இவ்வளவு சுலபமா!' என்று வேகமாக 20 கிலோமீட்டர் போய்விட்டு, களைத்த காலோடு அத்தனையும் ஏறித் திரும்ப வேண்டியிருக்கும்.

இரண்டாவது, உட்கார்ந்தே இருக்க வேண்டிய நிலை. காட்டுச் சாலையில் ஏற்றத்தில் எழுந்து மிதிப்போம், இறக்கத்தில் கால் ஓய்வெடுக்கும். ரயில் தடத்தின் ஏற்றத்தில் மணிக்கணக்கில் ஒரே இருக்கை, ஒரே மிதி. இரண்டு மணி நேரத்தில் இடுப்புக்குக் கீழே வலி தெரியும். அரை மணிக்கு ஒருமுறை வேண்டுமென்றே எழுந்து நின்று சற்று தூரம் மிதிப்பது உதவும்.

மூன்றாவது, தண்டவாளத்தை எடுத்தவர்கள் அதன் அடியில் கிடந்த பெரிய ஜல்லியை என்ன செய்தார்கள் என்பது. அதன்மேல் நொறுக்கிய கல்தூளைப் பரப்பி உருளை ஓட்டிய தடம் கிட்டத்தட்டத் தார் போல வழுக்கிக்கொண்டு போகும். ஜல்லியை அப்படியே விட்டுவிட்ட தடத்தில் கைப்பிடி உதறும், முன் சக்கரம் தன் விருப்பத்துக்குப் போகும். இரண்டையும் வரைபடம் ஒரே மாதிரிதான் காட்டும். அண்மையில் அங்கே போனவர்கள் எடுத்த படங்களைத் தேடிப் பாருங்கள்.

குகை வழிகளை மறந்துவிடக் கூடாது. அமெரிக்காவில் ஐடஹோ, மொன்டானா எல்லையிலுள்ள ஹியாவதா தடத்தில் ஒரு குகை வழி மட்டும் சுமார் 2.7 கிலோமீட்டர் நீளம். உள்ளே வெளிச்சம் இல்லை, கோடையிலும் குளிர், தரையில் ஈரம். கைபேசி விளக்கு அங்கே உதவாது. ஹேண்டில்பாரில் மாட்டும் நல்ல விளக்கு கட்டாயம் வேண்டும். வெயிலிலிருந்து திடீரென்று இருட்டுக்குள் நுழையும்போது கண் பழகச் சில வினாடிகள் ஆகும். வாயிலிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

ஆற்றுக்கரை

மலை ஆறுகளின் கரைகளில் பல இடங்களில் நாம் பார்ப்பது இயற்கைக் கரை இல்லை. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய மண்ணணை அது. சுவிட்சர்லாந்தின் வலே பகுதியில் ரோன் ஆற்றை நேராக்கிக் கரை கட்டும் முதல் பெரும் வேலை 1863-ல் தொடங்கியது. இப்படிப்பட்ட கரைகளைப் பராமரிக்கக் கல்லும் மண்ணும் கொண்டுபோக வண்டி வழி வேண்டும். அந்த வழிதான் இன்று நமக்குச் சரளைப் பாதை. வெள்ளக் கரைக்காரர்கள் போட்டது என்பதால் அது நேராக இருக்கும், அகலமாக இருக்கும், ஏற்றம் அநேகமாக இருக்காது, நிழலும் இருக்காது. கரையில் மரம் வளர்ந்தால் வேர் அணையைத் துளைக்கும் என்பதால் மரத்தைப் பெரும்பாலும் வளர விடுவதில்லை.

ஆற்றுக்கரையில் தூரத்தைவிடக் காற்றுதான் முக்கியம். இதை அறியாமல் போனவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். முதல் சில முறை நானும் பட்டேன். நல்ல வெயில் நாளில் மலைச்சரிவுகள் சூடாகி, அங்குள்ள காற்று மேலே எழும். அந்த இடத்தை நிரப்பச் சமவெளியிலிருந்து காற்று பள்ளத்தாக்குக்குள் இழுக்கப்படும். முற்பகலின் பிற்பகுதியில் தொடங்கி, பிற்பகலில் வலுத்து, சூரியன் மறைந்ததும் அடங்கும். இரவில் இதற்கு நேர்மாறு: குளிர்ந்த காற்று மேலிருந்து கீழே வழியும். அதிகாலையில் அதன் மிச்சம் இருக்கும்.

ஆகவே கிளம்பும் இடம் பள்ளத்தாக்கின் மேற்பகுதியில் என்றால், காலையில் ஆற்றோடு கீழே போய், பிற்பகலில் ஏறித் திரும்புங்கள். மெல்லிய ஏற்றத்துக்குக் காற்று பின்னாலிருந்து கை கொடுக்கும். கிளம்பும் இடம் கீழே என்றால் விடியும்போதே மேலே போய்விட்டு, காற்று எழும் முன் திரும்பப் பாருங்கள். இத்தாலியில் கார்டா ஏரியின் வடமுனையில் இந்தக் காற்றுகளுக்குப் பெயரே உண்டு. அதிகாலையில் வடக்கிலிருந்து வருவது பெலேர், பிற்பகலில் தெற்கிலிருந்து எழுந்து சார்கா ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் நுழைவது ஓரா. அங்கே பாய்மரப் படகுக்காரர்கள் கடிகாரம் போல இவற்றை நம்புகிறார்கள். ஆனால் எல்லாப் பள்ளத்தாக்கும் இந்த விதிக்குக் கட்டுப்படாது. சுவிட்சர்லாந்தின் மேல் எங்கடின் பகுதியில் மலோயா கணவாயிலிருந்து வரும் காற்று பகலிலேயே பள்ளத்தாக்கில் கீழ்நோக்கி வீசும். புதிய இடத்துக்குப் போனால் அங்குள்ளவர்களிடம் பிற்பகல் காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

பனியாறு உருகி வரும் ஆறு என்றால் இன்னொரு சேதி. பகல் முழுவதும் உருகிய தண்ணீர் பிற்பகலிலும் மாலையிலும்தான் வந்து சேரும். பாலத்துக்கு அடியில் நுழைந்து போகும் வழி காலையில் உலர்ந்து கிடந்தாலும் மாலையில் நீரில் மூழ்கியிருக்கலாம்.

கரைப்பாதையின் பெரிய வசதி, பல பள்ளத்தாக்குகளில் பக்கத்திலேயே ஓடும் ரயில். இத்தாலியின் டோப்பியாக்கோவிலிருந்து ஆஸ்திரியாவின் லியன்ஸ் வரை திராவா ஆற்றோடு இறங்கும் வழி சுமார் 45 கிலோமீட்டர்; இறக்கம் ஏறத்தாழ 550 மீட்டர். குடும்பங்கள் இறக்கத்தை மிதித்துவிட்டு ரயிலில் சைக்கிளோடு திரும்பிவிடுவார்கள். அந்த வழி பெரும்பாலும் தார் போட்டது. சரளைக்காகவே போகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

உண்மையைச் சொன்னால், கரைப்பாதை மட்டுமே ஒரு முழு நாளுக்கு எனக்குப் போதாது. 30 கிலோமீட்டருக்குப் பிறகு ஒரே நேர்கோடு, ஒரே ஆறு. வேறொரு பாதையோடு இணைக்கும் கண்ணியாகத்தான் அதை நான் விரும்புகிறேன்.

காட்டுச் சாலை

மரம் வெட்டி இறக்க வேண்டியவர்களுக்கு மென்மையான ஏற்றத்தைப் பற்றிக் கவலை இல்லை. லாரி ஏறினால் போதும். ஆகவே 8 முதல் 12 சதவீதம் வரை சாதாரணம், வளைவுகளில் அதற்கும் மேல். முன் பல்சக்கரத்தில் 40 பல், பின்னால் பெரிய பல்சக்கரத்தில் 42 பல் என்றால், நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலே மணிக்கு 7 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டியிருக்கும். 10 சதவீத ஏற்றத்தில் பலருக்கு அந்த வேகம் நெடுநேரம் தாங்காது. முன்னால் 30 பல் அளவுக்குச் சின்னதாக ஒரு பல்சக்கரம் இருந்தால் காட்டுச் சாலை திடீரென்று நட்பாகிவிடும். முழங்காலும் அடுத்த நாள் நன்றி சொல்லும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது, சாலை எங்கே போய் முடிகிறது என்பது. பல காட்டுச் சாலைகள் எந்த ஊருக்கும் போவதில்லை. மரம் அடுக்கும் வெட்டவெளியில், லாரி திரும்பும் வட்டத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து அடுத்த சாலைக்கு வரைபடம் ஒரு சின்னக் கோடு காட்டும். தூரம் அரை கிலோமீட்டர்தான் இருக்கும். ஆனால் அது காலடித் தடம். அந்த அரை கிலோமீட்டரில் எத்தனை சமவுயரக் கோடுகள் குறுக்கே போகின்றன என்று எண்ணிப் பாருங்கள். நெருக்கமாக இருந்தால் சைக்கிளைத் தோளில் சுமக்க நேரிடும்.

இரண்டாவது, போக அனுமதி உண்டா என்பது. ஆஸ்திரியாவில் 1975-ஆம் ஆண்டு வனச் சட்டம் காட்டுக்குள் யாரும் நடந்துபோக இடம் தருகிறது. ஆனால் காட்டுச் சாலையில் சைக்கிள் ஓட்ட உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். அதனால் அங்கே சைக்கிளுக்கென்று குறியிட்ட வழிகளை மட்டுமே நம்ப வேண்டும். ஸ்காட்லாந்தில் 2003-ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்ளும் வரை, பெரும்பாலான நிலங்களில் சைக்கிளில் போகும் உரிமையையே தந்துவிட்டது. ஒரே மாதிரி மரம், ஒரே மாதிரி சரளை. ஆனால் ஓரிடத்தில் நீங்கள் விருந்தாளி, இன்னோரிடத்தில் அத்துமீறியவர். தடுப்புக்கட்டை இருந்தால் அது காருக்கு மட்டுமா, நமக்கும் சேர்த்தா என்று பலகையைப் படித்துவிட்டுத்தான் ஓரமாக நுழைய வேண்டும்.

வண்டி வராத பாதை என்ற சொல் இங்கேதான் மிகவும் வழுக்கும். பொதுமக்களின் கார் வராது. மர லாரி வரும். வளைவில் அது முழுப் பாதையையும் அடைத்துக்கொண்டு இறங்கும். வேலை நடக்கும் பகுதி என்று பலகை இருந்தால் அன்று அந்தப் பக்கம் வேண்டாம். வார விடுமுறையில் போவது நல்லது. சாலையோரம் அடுக்கிய மரக்கட்டைகள் மீது யாரையும், முக்கியமாகக் குழந்தைகளை, ஏற விடாதீர்கள். ஒன்று உருண்டால் எல்லாம் உருளும்.

இறக்கத்தில் கவனிக்க வேண்டியது குறுக்கே சாய்வாகப் போட்ட நீர்க்கால்வாய்கள். மழைத்தண்ணீர் சாலையை அரிக்காமல் திருப்பிவிட மரத்தாலோ இரும்பாலோ பதித்திருப்பார்கள். சாய்வாக இருப்பதால், நேராகப் போகும் சக்கரம் விளிம்பில் வழுக்கி அதற்குள் விழும். அதைச் செங்கோணத்தில் கடக்கும்படி சைக்கிளைத் திருப்பிக்கொள்ள வேண்டும். ஈரமான நாளில் அதன்மேல் பிரேக் பிடிக்கவே கூடாது.

இத்தனை எச்சரிக்கையும் சொன்ன பிறகும், சைக்கிள் ஓட்டுவதையே நேசிக்கும் ஒருவருக்கு நான் காட்டுச் சாலையைத்தான் தருவேன். ரயில் தடமும் கரையும் பள்ளத்தாக்கை ஓரத்திலிருந்து காட்டும். காட்டுச் சாலை மேலே ஏற்றி, திரும்பிப் பார்க்க வைக்கும். காலையில் நீங்கள் கிளம்பிய கூரையும் அந்த ஆறும் காலடியில் சின்னதாகக் கிடக்கும். ஒரு வட்டமாகப் பயணத்தை அமைக்க அதிகம் இடம் தருவதும் இதுதான்.

இடையில் வரும் ஒரு கோடு

சில பள்ளத்தாக்குகளில் காட்டுக்கும் கரைக்கும் நடுவே, சமவுயரக் கோட்டை அப்படியே வரைந்தது போல ஒரு வழி தெரியும். பாசன வாய்க்காலின் ஓர வழி அது. ரோன் பள்ளத்தாக்கில் பிஸ் என்பார்கள், தென் டிரோலில் வால் என்பார்கள். ஏற்றமே இல்லாததால் ஆசை வரும். விட்டுவிடுங்கள். வாய்க்காலைப் பார்த்துக்கொள்ளும் ஒற்றை ஆள் நடக்க வெட்டிய அகலம்தான் அதற்கு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் பள்ளம், எதிரே நடந்து வருபவர்கள். பல இடங்களில் சைக்கிளுக்குத் தடையும் உண்டு. அது நடப்பவர்களுக்கு உரியது.

முகட்டுச் சாலை

ராணுவம் போட்ட சாலையின் சிறப்பு அதன் ஒழுங்கு. பாரம் சுமந்த கோவேறு கழுதையும் பீரங்கி வண்டியும் நிற்காமல் ஏற வேண்டும். அதனால் கடினமான ஆனால் சீரான ஏற்றம், அகலமான வளைவுகள், கல் அடுக்கிய அடித்தளம். நூறாண்டு கழித்தும் அந்தக் கல் கிடக்கிறது; மேலிருந்த மண் கரைந்து கல்லின் தலைகள் மட்டும் எழுந்து நிற்கின்றன. 40 மில்லிமீட்டர் அகல டயர் இங்கே உடம்பை உலுக்கிவிடும். 45, 50 என்று போய், காற்றைக் குறைத்து ஓட்டினால்தான் கை தப்பும். கரைக்கும் ரயில் தடத்துக்கும் 40 தாராளம்.

இத்தாலியில் சூசா, கிசோனே பள்ளத்தாக்குகளுக்கு நடுவே முகட்டில் ஓடும் அசியேத்தா சாலை இந்த வகை. பெரும்பகுதி 2000 மீட்டருக்கு மேல். கோடையில் கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் புதன், சனிக்கிழமைகளில் மோட்டார் வண்டிகளுக்குத் தடை என்பது அங்குள்ள வழக்கமான ஏற்பாடு. செவ்வாய்க்கிழமை போனால் புழுதி தின்ன வேண்டும், மறுநாள் போனால் மலை முழுதும் உங்களுடையது. கிளம்பும் முன் அந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நார்வேயின் ரல்லார்வேகன் ராணுவச் சாலை இல்லை. 1909-ல் திறந்த பெர்கன் ரயில் பாதையைக் கட்டிய தொழிலாளர்களுக்குப் பொருள் கொண்டுபோகப் போட்டது. ஆனால் குணத்தில் இதே இனம். ஹாவ்கஸ்டோலிலிருந்து ஃப்ளோம் வரை 82 கிலோமீட்டர், உச்சம் 1343 மீட்டர், முடிவது கடல் மட்டத்தில். ஜூலையிலும் வழியில் பனித்திட்டுகள் கிடக்கும். அப்போது சைக்கிளைத் தள்ளித்தான் கடக்க வேண்டும். கடைசியில் மிர்தாலுக்குக் கீழே இருக்கும் 21 ஊசி வளைவுகளில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதில் எந்தக் குறைவும் இல்லை.

உயரத்தில் ஒதுங்க இடம் இருக்காது. கோடையில் மலையில் இடி மின்னல் பெரும்பாலும் பிற்பகலில் வரும், ஆகவே நண்பகலுக்குள் முகட்டை விட்டு இறங்கிவிடும்படி நேரத்தை அமையுங்கள். ஆட்டு மந்தையைக் கண்டால் காவல் நாயும் அங்கே இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். வேகமாகக் கடந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வைத்து, மந்தையைச் சுற்றி மெதுவாக நடங்கள்.

நான் ஒரு பள்ளத்தாக்கில் இரண்டு நாள் தங்கினால் இப்படித்தான் பிரிப்பேன். முதல் நாள், தங்கும் இடம் மேற்பகுதியில் என்றால், காலை 7 மணிக்கு ஆற்றோடு இறங்கி, கீழே ஏதாவது ஒரு பாலத்தில் ஆற்றைக் கடந்து ரயில் தடத்துக்கு மாறி, பிற்பகல் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு 2 சதவீதத்தில் வீடு திரும்புவேன். மாலையில் வானிலை அறிவிப்பைப் பார்ப்பேன். தெளிவாக இருந்தால் இரண்டாம் நாள் முகடு; மேகம் என்றால் காடு. மேலே பனி இன்னும் கிடக்கிறது என்றாலும் காடுதான், வட அரைக்கோளத்தில் தெற்கு பார்த்த சரிவில். எதிர்ச்சரிவின் நிழலில் உறைபனி மே மாதத்திலும் வளைவுகளில் ஒட்டியிருக்கும்.